குப்பையும் இடைச்செருகலும்: பாலூட்டி மரபணுத்தொகையின் இடம்பெயர் கூறுகளை விளக்கும் உருவகங்கள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மனித மரபணுத்தொகையின் ஏறத்தாழப் பாதி, இடம்பெயரும் டி.என்.ஏ. கூறுகளிலிருந்து தோன்றியது. இக்கூறுகளை அறிவியல் எழுத்து ‘குப்பை’ என்றும், ‘ஒட்டுண்ணி’ என்றும், ‘மறைந்துள்ள பயன்’ என்றும் பலவாறு பெயரிட்டு வந்துள்ளது. பெயர்கள் வெறும் குறிகளாக நில்லாமல், எதனைச் சான்றாகக் கொள்வது என்பதையும் தீர்மானிக்கின்றன. இவ்வுருவகங்களைத் தேனி மாவட்டத்து ஏலமலை, மேகமலைப் பகுதிகளின் பாலூட்டிகளை முன்னிறுத்தி இக்கட்டுரை மதிப்பிடுகிறது. தமிழ்ப் பதிப்பியலின் ‘இடைச்செருகல்’ என்ற கருத்து இக்கூறுகளை விளக்க எவ்வளவு தொலைவு துணைநிற்கும், எவ்விடத்தில் வழிதவறச் செய்யும் என்பதும் இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: இடம்பெயர் கூறுகள், மரபணுத்தொகை, ஆலு, லைன்-1, இடைச்செருகல், மறுபயனாக்கம், மேகமலை, பழவௌவால்.

முன்னுரை

போடிநாயக்கனூரை அடுத்த சிலமலை, ஏலமலைச் சரிவின் அடிவார ஊர்களுள் ஒன்று. இதே தேனி மாவட்டத்தில், கம்பம் பள்ளத்தாக்கின் மறுபுறம் மேகமலை எழுகிறது. 1948ஆம் ஆண்டில் அம்மலையில் ஆங்கஸ் ஹட்டன் என்ற இயற்கையியலர் ஒரு பழவௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் தொகுப்புக்கு அனுப்பினார். அங்கு அது பரவலாகக் காணப்படும் குறுமூக்குப் பழவௌவால் எனப் பிழையாகப் பெயரிடப்பட்டது. தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லாங்யா அம்மாதிரியை மறுமுறை ஆய்ந்து, 1972இல் அதனைப் புதிய இனமாக மட்டுமன்றிப் புதிய பேரினமாகவும் நிறுவினார். சலிம் அலியின் பெயரால் அது ‘இலாடிடென்ஸ் சலிமலி’ எனப் பெயர் பெற்றது. தவறான ஒரு பெயர்ச்சீட்டு, ஒரு பேரினத்தையே 24 ஆண்டுகள் அறிவுலகின் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது.

தொங்லாங்யா அவ்வௌவாலுக்குப் பெயரிட்ட அதே 1972இல், சுசுமு ஓனோ என்ற மரபியலாளர், பாலூட்டி மரபணுத்தொகையில் புரதத்தைக் குறிக்காத பெரும்பகுதியைக் ‘குப்பை’ என்னும் சொல்லால் குறித்துக் கட்டுரை வெளியிட்டார். இப்பெயரும் நெடுங்காலம் நிலைத்தது. அது எதனைக் காட்டியது, எதனை மறைத்தது என்னும் வினாவே இத்திறனாய்வின் தொடக்கப்புள்ளி.

இடம்பெயர் கூறுகள்: இயல்பும் அளவும்

மரபணுத்தொகையில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குச் செல்லவல்ல டி.என்.ஏ. துண்டுகளை 1940களில் மக்காச்சோளத்தில் கண்டறிந்தவர் பார்பரா மெக்ளின்டாக். அக்கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு அவருக்கு 1983இல்தான் கிடைத்தது. இக்கூறுகள் இருவழிகளில் பெயர்கின்றன. ஒரு வகை தன்னிடத்திலிருந்து வெட்டுண்டு வேறிடத்தில் ஒட்டிக்கொள்கிறது. மற்றொரு வகை முதலில் ஆர்.என்.ஏ. படியாக மாறி, அப்படியிலிருந்து தலைகீழ்ப் படியெடுத்தல் மூலம் மீண்டும் டி.என்.ஏ. ஆகி, புதிய இடத்தில் செருகப்படுகிறது. இரண்டாம் வகையில் மூலப்படி இருந்த இடத்திலேயே இருப்பதால், பெயர்ச்சிதோறும் எண்ணிக்கை கூடுகிறது.

2001இல் வெளியான மனித மரபணுத்தொகை வரைவு, அதன் ஏறத்தாழ 45 விழுக்காடு இத்தகைய கூறுகளிலிருந்து வந்தது எனக் காட்டியது. புரதத்தைக் குறிக்கும் பகுதியோ 2 விழுக்காட்டிற்கும் குறைவு. லைன்-1 என்னும் கூறு மட்டும் ஏறத்தாழ 17 விழுக்காடு. 300 எழுத்து நீளமே உடைய ஆலு என்னும் சிறுகூறு பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட படிகளாகப் பரவியுள்ளது. பண்டைய நச்சுயிரிகளின் எச்சங்கள் ஏறத்தாழ 8 விழுக்காடு. ஆலு தானாகப் பெயர இயலாதது. லைன்-1 உருவாக்கும் நொதியைப் பயன்படுத்திக்கொண்டே அது பெருகியது. இக்கூறுகளுள் மிகப்பெரும்பாலானவை சிதைவுற்றுச் செயலிழந்தவை. ஆயினும் சில இன்றும் இயங்குகின்றன. குருதி உறையாமை நோயர் 240 பேரை ஆராய்ந்த ஹெய்க் கசாசியன் குழுவினர், இருவரிடம் லைன்-1 புதிதாக உறைகாரணி மரபணுவினுள் செருகப்பட்டிருந்ததை 1988இல் காட்டினர்.

‘குப்பை’ எனும் சொல்

ஓனோவின் சொல்லுக்குப் பின்னே ஒரு கணக்கு இருந்தது. மரபணுத்தொகை முழுவதும் இன்றியமையாததாக இருப்பின், தலைமுறைதோறும் நேரும் திடீர்மாற்றங்களின் சுமையை எந்தப் பாலூட்டியும் தாங்காது என்பது அது. ஆகவே ‘குப்பை’ என்பது அறியாமையை மூடிய சொல் என்று பிற்காலத்தில் எழுந்த ஏளனம் முழுவதும் நேர்மையானதன்று. 1980இல் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் இரு கட்டுரைகள் இக்கருத்தை மேலும் கூர்மைப்படுத்தின. டூலிட்டில், சபியென்சா ஆகியோர் ஒன்றையும், ஆர்கெல், கிரிக் ஆகியோர் மற்றொன்றையும் எழுதினர். ஓர் உயிரிக்கு எப்பயனும் தராமலேயே, தன்னைப் பெருக்கிக்கொள்ளும் ஆற்றல் ஒன்றாலேயே ஒரு டி.என்.ஏ. துண்டு நிலைபெற முடியும் என்பதே அவற்றின் வாதம்.

இவ்வாதத்தின் வலிமை, ‘ஏன் இருக்கிறது’ என்ற வினாவை ‘எதற்குப் பயன்படுகிறது’ என்ற வினாவிலிருந்து பிரித்ததில் உள்ளது. அதன் குறை, பெயரில் உள்ளது. தமிழில் ‘குப்பை’ என்பது அகற்றத்தக்கது என்ற பொருளை உடன்கொண்டு வருகிறது. இல்லத்தில் சேர்ந்த குப்பை வெளியேற்றப்பட்டால் இல்லம் முன்போல் இருக்கும். மரபணுத்தொகையில் அத்தகைய ‘முன்’ நிலை ஒன்று இல்லை. இதனைப் பின்வரும் சான்றுகள் தெளிவாக்கும்.

‘எல்லாம் பயனுடையது’ எனும் மறுதலை

‘என்கோடு’ என்னும் பன்னாட்டுத் திட்டம் 2012இல், மனித மரபணுத்தொகையின் 80 விழுக்காட்டிற்கு உயிர்வேதியியல் செயல்பாடு உண்டு என அறிவித்தது. குப்பைக் கருத்து வீழ்ந்தது என்ற செய்தி உலகெங்கும் பரவியது. இயற்கை எதனையும் வீணாகப் படைப்பதில்லை என்ற பழைய நம்பிக்கைக்கு அறிவியல் ஒப்புதல் கிடைத்தது போன்ற தோற்றமும் எழுந்தது.

இம்முடிவு ‘செயல்பாடு’ என்ற சொல்லின் இருபொருளில் தங்கியிருந்தது. ஒரு பகுதி ஆர்.என்.ஏ. ஆகப் படியெடுக்கப்படுவதும், ஒரு புரதம் அதன்மீது ஒட்டிக்கொள்வதும் நிகழ்வுகள். அந்நிகழ்வு தடைப்பட்டால் உயிரிக்குக் கேடு விளையும் என்று காட்டினாலன்றி அதனைப் பயன் எனக் கூறல் இயலாது. டான் கிரவுர் உள்ளிட்டோர் 2013இல் இதனைக் கடுமையான மொழியில் சுட்டிக்காட்டினர். மாறாமல் காக்கப்பட்ட பகுதிகளைக் கணித்த ஆய்வுகள் மிகச் சிறிய அளவையே தந்தன: 2014இல் வெளியான ஒரு கணிப்பு ஏறத்தாழ 8 விழுக்காடு, 240 பாலூட்டி இனங்களை ஒப்பிட்ட ‘சூனோமியா’ திட்டத்தின் 2023ஆம் ஆண்டுக் கணிப்பு குறைந்தது 10.7 விழுக்காடு.

ரயன் கிரிகரி முன்வைத்த ‘வெங்காயத் தேர்வு’ இவ்விடத்தில் எளிமையும் வலிமையும் உடையது. வெங்காயத்தின் மரபணுத்தொகை மனிதருடையதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு பெரியது. டி.என்.ஏ. முழுவதும் பயனுடையது எனக் கருதுவோர், ஒரு வெங்காயத்திற்கு மனிதரினும் ஐந்து மடங்கு அறிவுறுத்தல் எதற்கு என்று விளக்கும் கடப்பாடுடையவர். குப்பை என்ற சொல்லும் அதன் மறுதலையும் ஒரே பிழையைச் செய்கின்றன. தோற்றம், நிலைபேறு, செயல், பயன் ஆகிய நான்கு தனி வினாக்களுக்கு அவை ஒற்றை விடை கூற முனைகின்றன.

இடைச்செருகல்: பதிப்பியல் தரும் ஒப்புமை

தமிழ் ஆய்வாளர்க்கு இக்கூறுகளை விளக்க இன்னும் பொருத்தமான ஒரு சொல் அவர்தம் துறையிலேயே உண்டு. அது இடைச்செருகல். ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பிப்போர் பாட வேறுபாடுகளை ஒப்பிட்டு, எந்தச் சுவடி எதன் வழி வந்தது என அறிவர். இரு சுவடிகளில் ஒரே இடத்தில் ஒரே செய்யுள் மிகையாக வருமாயின், அவை தனித்தனியே அதனைப் பெற்றிருத்தல் அரிது. மிகை சேர்ந்த ஒரு பொதுமூலத்திலிருந்து இரண்டும் படியெடுக்கப்பட்டன என்பதே இயல்பான முடிவு.

இதே தருக்கம் மரபணுத்தொகைக்கும் பொருந்துகிறது. பல கோடி எழுத்துகளுக்கிடையே குறிப்பிட்ட ஓரிடத்தில் ஒரே கூறு இரு இனங்களில் செருகப்பட்டிருப்பின், அது அவற்றின் பொது மூதாதையில் நிகழ்ந்ததாதல் வேண்டும். செருகப்பட்ட ஆலு, தடயமின்றி வெளியேறுவதும் மிக அரிது. ஆதலால் எந்த வடிவம் முந்தியது, எது பிந்தியது என்ற ஐயமும் எழுவதில்லை: செருகல் இல்லாத நிலையே முந்தையது. ஒற்றை எழுத்து மாற்றங்கள் மீண்டும் பழைய எழுத்துக்கே திரும்புதலும், வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே நிகழ்தலும் கூடும். அவ்வகையில் செருகல் நம்பத்தக்க சான்று.

தேவாங்கு, மடகாஸ்கரின் லெமூர் ஆகியவை அடங்கிய கிளையின் உறவுமுறையை ரூஸ், ஷ்மிட்ஸ், ஸிஷ்லர் ஆகியோர் 2004இல் இம்முறையால் ஆய்ந்து, லெமூர்கள் ஒரே மூதாதையின் வழியினர் என்பதை உறுதிப்படுத்தினர். தமிழ்நாட்டின் வறண்ட காடுகளில் வாழும் தேவாங்கு இக்கிளையில் லெமூர்களுக்கு உடன்பிறந்த வழியைச் சேர்ந்தது.

ஒப்புமையின் எல்லைகளும் பதிப்பியலிலேயே உள்ளன. ஒரு படியாளர் இரு சுவடிகளைப் பார்த்து எழுதினால் கலப்புப் பிரதி தோன்றும். அதனை ஒற்றைக் கால்வழியில் அடக்க இயலாது. இனங்களிடையே கலப்பு நேர்ந்தாலும் இதுவே நிலை. ஏலமலைச் சோலைகளில் வாழும் நீலகிரிக் கருமந்தியும் இலங்கையின் ஊதாமுக மந்தியும் நெடுங்காலம் தென்கிழக்காசியக் குரங்குகளின் பேரினத்தில் வைக்கப்பட்டிருந்தன. பிரவீன் கரந்த் உள்ளிட்டோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு முதலானவை, அவை இந்தியத் துணைக்கண்டத்தின் சாம்பல் மந்திகளுக்கே நெருங்கியவை எனக் காட்டின. ஆனால் வடகிழக்கு இந்தியாவின் தொப்பி மந்தியிலோ தாய்வழி டி.என்.ஏ. ஓர் உறவையும், உட்கரு டி.என்.ஏ. மற்றோர் உறவையும் சுட்டின. பண்டைய கலப்பு அதற்குரிய விளக்கங்களுள் ஒன்று. ஒரு சான்றை மட்டும் கொண்டு கால்வழி வரைவது எத்துணைப் பிழைபடும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

மாந்தர் கால்வழி: ஓர் எச்சரிக்கை

இவ்வெச்சரிக்கை தமிழியல் ஆய்வுக்கு நேரடியாகத் தேவைப்படுகிறது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் பிச்சப்பன் குழுவினர் மதுரைப் பகுதி ஆடவரிடம் கண்டறிந்த எம்130 என்னும் ஒய் குறியம், தமிழர் தொன்மை பற்றிய எழுத்துகளில் அடிக்கடி மேற்கோளாகிறது. எம்130 ஓர் ஒற்றை எழுத்து மாற்றம். அந்தமானின் ஓங்கி, சாரவா மக்களிடம் காணப்படும் ஒய்ஏபி குறியமோ ஓர் ஆலு செருகல். ஐதராபாத்தின் உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையத்தைச் சேர்ந்த தங்கராஜ் உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட ஆய்வு, அம்மக்களின் தந்தைவழி இச்செருகலைத் தாங்கிய கிளையைச் சேர்ந்தது எனக் காட்டியது. அச்செருகலின் கிளைகள் ஆப்பிரிக்காவிலும் திபெத்திலும் சப்பானிலும் பரவியுள்ளன.

இவ்விரு குறியங்களும் தந்தை, தந்தையின் தந்தை எனச் செல்லும் ஒரே ஒரு கோட்டை மட்டும் காட்டுவன. பத்துத் தலைமுறைக்கு முன் ஒருவர்க்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட மூதாதையர் இடங்கள் உள. ஒய் குறியம் அவற்றுள் ஒன்றினைப் பற்றியே பேசும். ஒரு செய்யுளின் பாட வேறுபாட்டைக் கொண்டு நூல் முழுவதற்கும் காலம் கணிக்கும் பதிப்பாசிரியரை ஏற்காத தமிழ் ஆய்வுலகம், ஒரு குறியத்தைக் கொண்டு ஒரு மக்களின் முழு வரலாற்றையும் எழுதுவதை ஏற்றல் முறையன்று.

நின்ற பெயர்ச்சியும் வந்த பெயர்ச்சியும்

இடைச்செருகல் என்ற சொல்லின் மிகப்பெரிய இடர், அது ஒரு மூலப்பாடத்தை முன்னிறுத்துவது. கம்பராமாயணப் பதிப்புகளில் வெள்ளிப்பாடல்கள் என்றும் மிகைப்பாடல்கள் என்றும் ஒதுக்கப்படுவன நீங்கினால் கம்பர் பாடியது மிஞ்சும் என்பது பதிப்பாசிரியரின் நம்பிக்கை. மரபணுத்தொகைக்குக் கம்பர் இல்லை. ஏலமலைச் சூழலின் இரு உயிரிகள் இதனை இருவேறு வகையில் உணர்த்துகின்றன.

முதலாவது, மேகமலைப் பழவௌவால். கேன்ட்ரல் உள்ளிட்டோர் 2008இல் வெளியிட்ட ஆய்வின்படி, பழவௌவால் குடும்பத்தில் லைன்-1 இன் இயக்கம் ஏறத்தாழ 2.4 கோடி ஆண்டுகளுக்கு முன், அக்குடும்பம் கிளைபிரிவதற்கு முன்பே நின்றுவிட்டது. அக்குடும்பத்தைச் சேர்ந்த இலாடிடென்சும் இந்த அமைதியை மரபுரிமையாகப் பெற்றதாதல் வேண்டும் என்பது இதன் வழிப்பட்ட முடிவு. மற்றொரு வௌவால் குடும்பத்தைச் சேர்ந்த மயோட்டிசு பேரினத்திலோ, பிற பாலூட்டிகள் பலவற்றில் அடங்கிப்போன வெட்டி ஒட்டும் கூறுகள் அண்மைக் காலம் வரை இயங்கியுள்ளன. லைன்-1 இன் இயக்கம் பாலூட்டி வாழ்வுக்கு இன்றியமையாதது எனின், அது நின்றபின் பழவௌவால்கள் தழைத்துப் பல இனங்களாகப் பிரிந்தமைக்கு விளக்கம் இராது. அதே வேளையில், இயக்கம் நின்றாலும் பழைய படிகள் மரபணுத்தொகையில் எஞ்சியே நிற்கின்றன, ‘குப்பை’ அகற்றப்படவில்லை.

இரண்டாவது, அசைபோடும் விலங்குகள். தேனி மாவட்டத்து மலைமாடும், காடுகளின் காட்டுமாடும், முகடுகளின் வரையாடும் ‘போவ்-பி’ என்னும் கூறினைத் தாங்கியவை. மாட்டின் மரபணுத்தொகையில் ஏறத்தாழக் கால் பங்கு இக்கூறிலிருந்தும் அதன் வழிவந்த சிறுகூறுகளிலிருந்தும் தோன்றியது. மனிதரிடம் அது இல்லை. பாம்பு, பல்லி இனங்களில் அதன் நெருங்கிய வடிவங்கள் உள்ளன. ஊர்வனவற்றுக்கும் அசைபோடுவனவற்றுக்கும் இடையே அது பெற்றோர் வழியன்றிக் குறுக்கே கடந்தது எனக் கோர்டிஷும் குபென்ஷெக்கும் 1998இல் வாதிட்டனர். ஊர்வனவற்றின் உண்ணிகளிலும் அக்கூறு இருப்பதை 2013இல் வால்ஷ் உள்ளிட்டோர் காட்டியபின், குருதி உறிஞ்சும் உண்ணி இக்கடத்தலுக்குக் கருவியாக இருந்திருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. மாட்டின் ‘மூலப்பாடம்’ எது என்னும் வினா இவ்விடத்தில் பொருளிழக்கிறது. கால் பங்கு அயலிலிருந்து வந்ததன் வழித்தோன்றல் எனில், அயலை நீக்கிய மாடு என ஒன்று இல்லை.

மறுபயனாக்கம்: நிறுவப்பட்டதும் நிறுவப்படாததும்

சில செருகல்கள் உயிரியின் வாழ்வுக்கே அடிப்படையாகியுள்ளன. தாய்க்கும் கருவுக்கும் இடையிலான நஞ்சுக்கொடியில் உயிரணுக்களை ஒன்றிணைக்கும் ‘சின்சிட்டின்’ என்னும் புரதம், பண்டைய நச்சுயிரி ஒன்றின் உறைப்புரதமே என 2000இல் அறியப்பட்டது. மனிதர், எலி, முயல், அசைபோடுவன ஆகியவை வெவ்வேறு நச்சுயிரிகளிலிருந்து தனித்தனியே இத்தகைய புரதத்தைப் பெற்றுள்ளன. எலியில் இம்மரபணுவை நீக்கினால் கரு கருப்பையிலேயே இறக்கிறது என்று 2009இல் சோதனை காட்டியது. வாலின்மையும் ஒரு செருகலின் விளைவே எனக் கருதச் சான்று உண்டு. மேகமலைச் சோலைமந்திக்கு உள்ள வால், வாலில்லாக் குரங்குகளுக்கும் மனிதருக்கும் இல்லாமைக்கு, டி.பி.எக்ஸ்.டி. மரபணுவில் நேர்ந்த ஓர் ஆலு செருகல் காரணமாகலாம் என 2024இல் ஓர் ஆய்வு முன்வைத்தது. அத்தகைய மாற்றம் செய்யப்பட்ட எலிகள் சிலவற்றில் வால் குறுகியது. சிலவற்றில் தண்டுவடக் குறைபாடும் தோன்றியது.

முன்பு வேறொன்றாக இருந்தது பின்னர் புதுப் பயனுக்கு ஆட்படுதலை கோல்டும் விர்பாவும் 1982இல் தனிக் கருத்தாக வரையறுத்தனர். ‘மறுபயனாக்கம்’ என அதனைத் தமிழில் வழங்கலாம். பழைய கோயிலின் கல்வெட்டுக் கல், பிற்காலத் திருப்பணியில் படிக்கல்லாக வைக்கப்படுதல் இதற்கு அணுக்கமான உவமை. அக்கல் இன்று படியாகப் பயன்படுகிறது என்பது உண்மை. படியாவதற்கென்றே அது செதுக்கப்பட்டது என்பது பிழை. படியானது ஒரு கல் என்பதால் இடிபாட்டில் கிடக்கும் கற்களெல்லாம் படிகளே என்பது அதனினும் பெரிய பிழை.

இதனைப் பிரித்தறியும் அளவுகோல் சோதனையே. சுவாங், எல்ட், ஃபெஷோட் ஆகியோர் 2016இல், மனித உயிரணுக்களில் நச்சுயிரி எச்சம் ஒன்றை வெட்டி நீக்கியபோது அருகிலிருந்த நோயெதிர்ப்பு மரபணுவின் தூண்டல் குன்றியதைக் காட்டினர். அந்த ஒரு படிக்குப் பயன் நிறுவப்பட்டது. அதனை ஒத்த பல்லாயிரம் படிகளுக்கும் அதே பயனை ஏற்றிக்கூற அச்சோதனை இடந்தரவில்லை.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன மூன்று. ‘குப்பை’ என்ற சொல் இக்கூறுகளின் நிலைபேற்றுக்குப் பயன் தேவையில்லை என்ற சரியான கருத்தைத் தாங்கினாலும், நீக்கத்தக்கன என்ற தவறான கருத்தையும் உடன் தருகிறது. ‘எல்லாம் பயனுடையது’ என்ற மறுதலை, நிகழ்வையும் பயனையும் ஒன்றாக்குகிறது. ‘இடைச்செருகல்’ கால்வழி ஆய்வுக்கு மிகப் பொருத்தமான சொல். ஆயினும் மூலப்பாடம் என்ற எண்ணத்தைக் களைந்தபின்பே அதனைப் பயன்படுத்துதல் தகும். கூறுகளின் தோற்றத்திற்கு ‘செருகல்’ என்றும், பின்னர் விளைந்த பயன் நிறுவப்பட்டவிடத்து மட்டும் ‘மறுபயனாக்கம்’ என்றும் இருவேறு சொற்களை ஆளுதல் தமிழ் அறிவியல் எழுத்தில் தெளிவைக் கூட்டும்.

சொல்லாட்சி சீர்ப்பட்டாலும் சான்று எஞ்சியிருத்தல் வேண்டும். மேகமலைப் பழவௌவால், மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் ஒரு சில இடங்களில் மட்டுமே அறியப்பட்டது. 1948இல் கிடைத்த அம்மாதிரி, பிழையான பெயருடனாயினும் காக்கப்பட்டிருந்தமையால்தான் 1972இல் திருத்தம் கைகூடியது. சோலைகள் குறைந்து, அவற்றைச் சார்ந்த இனம் மறையுமாயின், கோடிக்கணக்கான ஆண்டுகளின் செருகல்களைத் தாங்கிய ஒரு தனிப்படி ஒப்புநோக்குக்குக் கிட்டாது போகும். அதன்பின் எச்சொல் சரியானது என்று தீர்ப்பதற்குரிய பாடம் கையில் இராது.